பூத் தூவினார்கள், படி அளந்தார்களா?

2020-ஆம் ஆண்டு மே திங்கள் 3-ஆம் நாள். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மேலே வட்டமிட்டுப் பூமாரி பொழிந்தன. கொரோனாவோடு மல்லுக்கு நிற்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நாடு செலுத்தும் நன்றி இது என்று முழங்கினார்கள். அதற்கு முன்னே, மார்ச் 22-ஆம் நாள் மாலையிலே, கை தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள், மணி அடித்தார்கள். பார்த்தவர் கண்ணிலே நீர் துளிர்த்தது. நமக்கும்தான்!

கண்ணீரும் காய்ந்தது, பூவும் வாடியது. "வா, வா" என்று அந்த ஆபத்து நேரத்திலே அழைத்து, தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒப்பந்தத்தில் அமர்த்திய நர்சுகளிலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு வேலை இல்லை என்று ஓலை வந்தது. புத்தாண்டு வாழ்த்து! அவர்கள் தெருவுக்கு வந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். மாவட்ட சுகாதாரச் சங்கங்களின் மூலம் மாற்று வேலை தருகிறோம் என்று மந்திரி சொன்னார். சொன்னதை மறைக்க மாட்டோம். ஆனால், அந்த மாற்று வேலையும் தொகுப்பூதிய வேலைதான் என்பதையும் மறைக்க மாட்டோம்.

இதைக் கம்பம் பள்ளத்தாக்கிலே நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த மண் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் வாழ்கிறது. 1887-இலே தொடங்கி 1895-இலே முடிந்த அந்த அணையைக் கட்டும்போது, காட்டிலும் மழையிலும், காலராவுக்கும் மலைக்காய்ச்சலுக்கும் பலியான கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கிலே இருப்பார்கள். பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பிலே மணிமண்டபம் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான். ஆனால், காய்ச்சலில் புலம்பியவனுக்குப் பக்கத்திலே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவனுக்கு எந்தக் கல்லிலே பெயர்?

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நோயாளி ஒன்று, மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து பணி செய்பவன் ஒன்று. நான்கையும் ஒரே வரிசையிலே வைத்தார் அந்தப் பெரியவர். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு நம் சர்க்கார்கள் என்ன செய்தன? நான்காமவரை வரிசையிலிருந்து எடுத்து வாசலிலே நிறுத்தின.

இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்பாளி நோய் வந்தால் எங்கே போகிறான்? கருக்கலிலே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஏலத் தோட்டத்துக்குப் போகிறாளே நம் தாய், அவளுக்கு நெஞ்சு வலித்தால் எங்கே தூக்குகிறார்கள்? கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நெடுக இருக்கிற அரசு ஆஸ்பத்திரிகளுக்கு. அங்கே முடியாவிட்டால் க.விலக்கிலே இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு. காசில்லாதவனுக்குக் கடவுளே துணை என்பார்கள் சிலர். காசில்லாதவனுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிதான் துணை என்பது நாம் கண்ட உண்மை.

2018 மார்ச் 11-ஆம் நாளை இந்த மாவட்டம் மறக்காது. குரங்கணி மலையிலே காட்டுத் தீ. மலையேறப் போன பிள்ளைகள் கருகினார்கள். இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த இரவிலே, தோல் உரிந்து துடித்தவர்களை ஏந்திக்கொண்டவை போடி அரசு ஆஸ்பத்திரியும் தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும். அங்கிருந்துதான் பலரை மதுரைக்கு அனுப்பினார்கள். அன்று கட்டுப் போட்ட கைகளைப் பார்த்து, "நீ நிரந்தரமா, ஒப்பந்தமா?" என்று எந்தத் தகப்பனாவது கேட்டானா? கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது கஜானா ஒன்றுதான்.

சென்ற மாதம் கம்பத்திலே ஒரு டீக்கடை பெஞ்சு. நர்சுகளின் சம்பளப் பேச்சு வந்தது. சுமை தூக்கும் தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். "ஏண்ணே, நல்லா வேலை பாக்குறவுகளுக்குக் கூடக் குடுப்போம், பாக்காதவுகளுக்குக் குறைப்போம்னு சொன்னா அதுல என்ன தப்பு? நான் மூடைக்கு இம்புட்டுன்னுதான வாங்குறேன்? தூக்குனாத்தான காசு?"

நியாயமான கேள்வி. நாம் வாயைத் திறக்குமுன்னே, பக்கத்தில் இருந்த இன்னொரு தோழர், மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலே பாதி வாழ்நாளைக் கழித்தவர், பதில் சொன்னார்: "எங்க எஸ்டேட்டுல மொதல்ல நாள் சம்பளம் உண்டுப்பா. அதுக்குன்னு ஒரு அளவு. அதுக்கு மேல பறிச்சா, கூடுன கிலோவுக்குத் தனிக் காசு. நாள் சம்பளமே குடுக்காம வெறும் கிலோவுக்குக் காசுன்னு சொன்னா கங்காணிய விரட்டியிருப்போம்."

தோழர்களே, இந்தத் தலையங்கத்தை அவரே எழுதிவிட்டார்! முதலில் நாட்கூலி, அதற்கு மேலே மிகைக்கூலி. தோட்ட முதலாளியே ஒப்புக்கொண்ட இந்தக் கணக்கை, மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய சர்க்கார்கள் தலைகீழாக்கின. நாடு முழுவதும் இருக்கிற ஆஷா ஊழியர்களைப் பாருங்கள். 2005-இலே ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது வந்தவர்கள். ஊழியர் என்று பெயர் இல்லை. தொண்டர் என்று பெயர். சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தால் இவ்வளவு, குழந்தைக்கு ஊசி போட வைத்தால் இவ்வளவு என்று உருப்படிக்கு விலை. வழக்கமான பணிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று இருந்ததை 2018-இலே 2,000 ஆக்கினார்கள். 2025-இலே 3,500 ஆக்க முடிவெடுத்தார்கள். இடையிலே 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பெண்களுக்கு உலக விருது கொடுத்துப் பாராட்டியது. மறுபடியும் பூமாரி! படி எங்கே என்றால், எதிர்ப்பட்ட கர்ப்பிணிகளை எண்ணிக்கொள் என்கிறது சர்க்கார்.

"தொழிலாளிக்கு ஏற்ற கணக்கு நர்சுக்கு ஏற்காதா?" என்று மறுபடியும் கேட்பார் நம் சுமைத் தோழர். மூடையை எண்ணலாம், அண்ணே. கொழுந்தைத் தராசிலே போடலாம். நர்சின் வேலையை எதிலே போடுவது?

நள்ளிரவு 2 மணி. பிரசவித்துப் படுத்திருக்கிறாள் ஒருத்தி. உறவுக்காரர்கள் வராந்தாவிலே தூங்குகிறார்கள். சுற்றி வருகிற நர்சு, சேலையை விலக்கிப் பார்க்கிறாள். உதிரம் மிஞ்சுகிறது என்று காண்கிறாள். வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டரை எழுப்பக் குரல் கொடுக்கிறாள். மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் ஆட்டோவிலே வீட்டுக்குப் போகிறார்கள். ரிஜிஸ்தரிலே என்ன இருக்கும்? சுகப் பிரசவம், ஒன்று. தூங்கிவிட்ட நர்சின் வார்டிலே நல்லபடியாக நடந்த பிரசவத்துக்கும் அதே ஒன்றுதான். நடக்காமல் போன சாவை எழுத எந்த ரிஜிஸ்தரிலே இடம் இருக்கிறது?

ஒரு மாநிலத்தையே மொத்தமாகப் பார்த்தால் மட்டும் அது தெரியும். 2018 முதல் 2020 வரையிலான கணக்கிலே, ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவிலே 97 தாய்மார் மாண்டார்கள், தமிழ்நாட்டிலே 54. இந்த வித்தியாசம் வானத்திலிருந்து விழவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலே மூன்று நர்சுகளை மாற்றி மாற்றி அமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணியின் பெயரை எழுதிய கிராம சுகாதார நர்சின் கால் நோவிலிருந்து வந்தது. 54 என்கிற எண்ணிலே எந்த நர்சுக்கு எத்தனை பங்கு? பிரித்துச் சொல்ல எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது.

எண்ணித்தான் கொடுப்போம் என்று அடம் பிடித்தால் என்ன நடக்கும்? அகமலைப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தியை எத்தனை முறை ஏடுகளிலே படித்தோம்! அந்த மலைக்கு ஊசிப் பெட்டியைச் சுமந்து ஏறுகிற நர்சம்மா நாள் முழுக்க நடந்து பத்துக் குழந்தைகளைப் பார்ப்பாள். தேனி நகரத்திலே உட்கார்ந்திருப்பவளிடம் காலை நேரத்துக்குள் ஐம்பது குழந்தைகள் வரும். எண்ணிக்கைப்படி உயர்வு என்றால் யாருக்கு உயர்வு? மலையேறியவளுக்கு அபராதம், மர நிழலிலே இருந்தவளுக்குப் பரிசு!

இது வெறும் கற்பனையான பயம் அல்ல. நெருக்கடி நிலைக் காலத்தை நம் இயக்கத்தவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சிறைக் கம்பிகளை எண்ணியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போது கருத்தடைக்கு இலக்கு வைத்தார்கள். இத்தனை பேரைக் கொண்டு வராவிட்டால் சம்பளம் நிற்கும் என்று வடக்கே வாத்தியாரையும் சுகாதார ஊழியரையும் மிரட்டினார்கள். 1976-77 ஓராண்டிலே 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். எத்தனை பேர் சம்மதித்து வந்தார்கள், எத்தனை பேரைப் பிடித்து வந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்த இலக்கு முறையைக் கைவிட 1996 வரை ஆயிற்று டெல்லிக்கு.

கைவிட்டதாகச் சொன்ன பிறகும் கை விடவில்லை. 2014 நவம்பரிலே சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு கருத்தடை முகாம். ஒரே டாக்டர், சில மணி நேரத்துக்குள், 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த முகாமுக்குப் போனவர்களிலே 13 பெண்கள் பிணமானார்கள். அந்த டாக்டர் யார் தெரியுமா? அதே ஆண்டின் தொடக்கத்திலே, ஐம்பதாயிரம் ஆபரேஷன் செய்த சாதனைக்காக மாநில சர்க்கார் மேடையிலே பாராட்டிய மனிதர்! எண்ணிக்கைக்கு மாலை போட்டார்கள். எண்ணிக்கை பலி கேட்டது.

ஆகவே, செயல்பாட்டுக்கேற்ற உயர்வு என்று யாராவது பேசினால் முகம் சுளிக்க மாட்டோம். நாட்கூலி எங்கே என்று முதலில் கேட்போம்.

அந்த நாட்கூலியின் கதையைச் சொல்ல வேண்டும். 2015-இலே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. சிபாரிசுச் சீட்டிலே வந்தவர்கள் அல்ல. படித்து, பரீட்சை எழுதி, தேறி வந்தவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டு போனால் காலமுறை ஊதியம் என்றார்கள். இரண்டாண்டு போயிற்று. வாக்குறுதியும் அதோடு போயிற்று. 2017 நவம்பர் கடைசியிலே சென்னையிலே மருத்துவ இயக்குநரக வளாகத்திலே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள், கைக்குழந்தையோடு உட்கார்ந்தவர்களும் உண்டு. அதன் பிறகுதான் 7,700 என்பது 14,000 ஆயிற்று. பின்னர் 18,000 ஆயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சிலரை நிரந்தரமாக்கினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். 2025 டிசம்பரிலே மறுபடியும் சென்னைக்கு வந்து அதே கோரிக்கையோடு உட்கார்ந்தார்கள்.

அதே வார்டிலே, அதே ஷிப்டிலே, அதே ஊசியைப் பிடிக்கிற நிரந்தர நர்சுக்கு அடிப்படைச் சம்பளமே 35,000-க்குக் குறையாது. அகவிலைப்படி தனி, ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வு தனி. அதை நாம் குறை சொல்லவில்லை. அவர் வாங்குவது நியாயம். 14,000 என்று நிறுத்தப்பட்ட மற்றவள் ஒவ்வொரு மாதமும் இருபதாயிரத்துக்கு மேல் இழந்தாள். நாம் அதை வேறு விதமாகச் சொல்கிறோம். அவள் சர்க்காருக்கு மாதம் இருபதாயிரம் கடன் கொடுத்தாள். வட்டியில்லாத கடன். திருப்பித் தராத கடன். பெரும் பெரும் பட்ஜெட் போடும் சர்க்கார், பஸ் காசுக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைக்கும் பெண்ணிடமா கடன் வாங்குவது?

மலை ஏறினால் குமுளி. ஒரு சாலைதான் எல்லை. அங்கே 2018 ஏப்ரலிலே கேரள சர்க்கார் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கே குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. அந்த ஆண்டிலே மலைக்குக் கீழே, நம் சர்க்காரே தன் ஒப்பந்த நர்சுக்குக் கொடுத்தது 14,000-ஐத் தாண்டவில்லை. தனியார் முதலாளிக்கு அங்கே வகுத்த நியாயம் இங்கே சர்க்காருக்குக் கூடக் கிடையாதா என்று குமுளிச் சோதனைச்சாவடியிலே நிற்கும் எவரும் கேட்கலாம். அதற்காகக் கேரளத்தைப் பொன்னுலகம் என்று நாம் பாடவில்லை. 2025 பிப்ரவரி 10-ஆம் நாள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னே உட்கார்ந்த ஆஷா பெண்கள் எட்டு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். மாதம் 7,000 ரூபாயை 21,000 ஆக்கு என்பது கோரிக்கை. ஆயிரம் ரூபாய் கூடியது. தொழிலாளர் ஆட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட இடத்திலே நடந்தது இது! சீமையிலும் நிலைமை அதுதான். 2022 டிசம்பர் 15-ஆம் நாள் பிரிட்டனிலே நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கத்தின் நூற்றாண்டு கடந்த வரலாற்றிலே அத்தனை பெரிய வேலைநிறுத்தம் அதுதான் முதல் தடவை. அங்கேயும் கொரோனாவின்போது வியாழக்கிழமை தோறும் வாசலிலே நின்று கை தட்டினார்கள்.

டாக்டர்கள் கதை வேறு. ஆனால் தூரத்துக் கதை அல்ல. 2009-இலே அரசாணை 354 வந்தது. இத்தனை ஆண்டு சேவைக்கு இந்த உயர்வு என்று காலத்தைக் கட்டிக் கொடுத்த ஆணை. அந்தக் காலத்தைச் சுருக்கு, மத்திய சர்க்கார் டாக்டருக்குச் சமமாக்கு என்று 2019 அக்டோபர் 25-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தூர ஊர்களுக்கு மாற்றினார்கள். ஒரு வாரத்திலே போராட்டம் முடிந்தது, கோரிக்கை முடியவில்லை. துப்புரவுத் தொழிலாளர் கதையோ இன்னும் இருட்டிலே இருக்கிறது. அவர் கூலி கஜானாவிலிருந்து புறப்பட்டு, கண்டிராக்டர் வீட்டிலே தங்கி, இளைத்துப்போய் அவர் கைக்கு வருகிறது. அதை இன்னொரு நாள் விரிவாகவே எழுதுவோம்.

"பணம் எங்கே?" என்பார்கள். அதற்குப் பதிலை உச்சநீதிமன்றமே 2016 அக்டோபர் 26-ஆம் நாள் கொடுத்தது. பஞ்சாப் மாநிலத் தற்காலிக ஊழியர் வழக்கு. ஒரே வேலையைச் செய்கிறவனுக்குத் தற்காலிகம் என்கிற காரணத்தால் குறைத்துக் கொடுப்பது சுரண்டல், நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்திலே தொடக்க நிலையையாவது கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எவனும் விரும்பிக் குறைந்த கூலிக்கு வருவதில்லை, பிள்ளை குட்டிக்குச் சோறு போட வேறு வழியில்லாமல் வருகிறான் என்பதையும் நீதிபதிகள் பதிவு செய்தார்கள். மேடையிலே நாம் பேசுகிற பேச்சுத்தான் இது. அதைக் கருப்பு அங்கி போட்டவர் எழுத வேண்டியதாயிற்று.

கேட்பது என்ன? ஒப்பந்தம் என்கிற சொல்லுக்குப் பின்னே ஒளியாமல், வேலைக்கு வந்த நாளிலிருந்து நிரந்தர விகிதத்தின் தொடக்கச் சம்பளம். இரண்டாண்டு என்று வாக்குக் கொடுத்தால் இரண்டாண்டிலே காலமுறை ஊதியம். அதன் மேலே உயர்வு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். மலையேறுகிறவளுக்கு மலைப்படி, மேகமலைக்கும் அகமலைக்கும் வருசநாட்டு மலைக்கும் போகிற காலுக்குத் தனிக் காசு. மேற்படிப்பும் தனிப்பயிற்சியும் பெற்றால் அதற்கு உயர்வு. ஆஸ்பத்திரி நன்றாக நடந்தால் பரிசு. ஆனால் அது தனி ஆளுக்கு வேண்டாம், அந்த ஆஸ்பத்திரிக்கே. தூய்மைக்குக் கொடுக்கும் காயகல்ப விருது 2015 முதல் இருக்கிறது. பரிசுப் பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து, அதிலே ஒரு பங்கை ஊழியர்களுக்குப் பிரிக்கும் வழி அதிலே உண்டு. பெருக்குகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை அந்தப் பங்கைச் சமமாகப் பெற்றால், ஒருவர் தூங்கினால் மற்றவர் எழுப்புவார். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை என்றால், ஒருவர் தூங்கினால் மற்றவருக்கு லாபம்!

இப்போது நமக்குள்ளே ஒரு பேச்சு, தம்பி. 7,700 என்று தொகுப்பூதியம் வைத்தது ஓர் ஆட்சி. 2022 கடைசியிலே ஓலை அனுப்பியது வேறோர் ஆட்சி. முதலாவதைக் கண்டித்து நாம் கூட்டம் போட்டோம், சுவரொட்டி ஒட்டினோம், தொண்டை கட்டப் பேசினோம். இரண்டாவது வந்தபோது நம் பேச்சாளர்களிலே பலருக்கு இருமல் வந்துவிட்டது! எதிரே இருந்தால் கொள்கை, ஏறி உட்கார்ந்தால் நிதி நெருக்கடியா? தொழிலாளி முட்டாள் அல்ல. நம் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வருகிற கிளைக் கூட்டங்களிலே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கம்பத்திலோ கூடலூரிலோ போடியிலோ பெரியகுளத்திலோ, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் சுகாதார நிலையத்திலும் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் தொகுப்பூதியம், எத்தனை பேர் கண்டிராக்டர் ஆள் என்று போய்க் கேளுங்கள். பெயர் வேண்டாம், அவர்களை வம்பிலே மாட்டிவிட வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். அதை ஒரு தாளிலே எழுதி நம் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இந்தப் பத்தியிலேயே ஊர் ஊராக வெளியிடுவோம். எந்த மந்திரி இந்தப் பள்ளத்தாக்குக்கு மாலை வாங்க வந்தாலும், மாலையோடு அந்தத் தாளையும் கையிலே கொடுப்போம்.